டங்கென்று நின்ற துணி: ஃப்ரேம் மிஷினில் குவில்ட் தைக்கக் கற்ற அக்காவின் பதினோரு வாரங்கள்

போன ஜனவரியில் என் பெரியம்மா மகள், மிஷிகனில் இருக்கும் தன் மகன் வீட்டுக்கு வந்தார். வயது 56. கோபிச்செட்டிபாளையத்தில் முப்பது வருடம் பிளவுஸ் தைத்தவர், கடைசி எட்டு வருடம் ஆரி வேலையும் செய்தவர். மகனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, வெளியே பனி, உள்ளே டிவி என்று பகல் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை. எங்கள் வீடு அங்கிருந்து பத்து நிமிடத் தூரம். எங்கள் பேஸ்மென்டில் பத்தடி ஃப்ரேமில் ஒரு குவில்டிங் மிஷின் நிற்கிறது. நான்கு வருடமாக அதில் தைத்து வருகிறேன். “அக்கா, வந்து கத்துக்குங்க” என்று கூப்பிட்டேன்.

இவ்வளவு தையல் தெரிந்தவர் மூன்று நாளில் பிடித்துவிடுவார் என்று நினைத்தேன். பதினோரு வாரம் ஆனது. அந்த நாட்களில் நான் எழுதி வைத்த நோட்டைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். தையலே தெரியாத ஒருவர் முதல் மாதத்தில் அக்காவை முந்தியிருப்பார் என்று இன்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் மூன்றாவது மாதத்தில் அக்கா எட்டிய இடத்துக்கு அவர் வந்திருக்க மாட்டார். இரண்டுக்கும் காரணம் அக்காவின் கையில் ஏற்கெனவே ஏறியிருந்த பழக்கம்தான்.

ஃப்ரேமைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். குவில்ட் மூன்று அடுக்கு. மேலே துண்டுகளாக வெட்டி இணைத்த துணி, நடுவில் பேட்டிங் என்கிற பஞ்சு விரிப்பு, அடியில் பேக்கிங் துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற தையலுக்குத்தான் குவில்டிங் என்று பெயர். சாதாரண வீட்டு மிஷினில் இதைச் செய்வதென்றால், ஊசிக்கும் மிஷின் உடம்புக்கும் நடுவே உள்ள ஒரு சாண் இடத்தில் முழுப் போர்வையையும் சுருட்டித் திணித்துத் தள்ள வேண்டும். தோள் விட்டுப்போகும். ஃப்ரேமில் துணி அப்படியே நிற்கும், மிஷின்தான் நகரும். பேக்கிங் துணி ஒரு உருளையில் சுற்றியிருக்கும். தைத்து முடிந்த பாகம் எதிர்ப்பக்க உருளையில் சுற்றிக்கொண்டே போகும். உருளைகளில் நிரந்தரமாக ஒட்டியிருக்கும் கெட்டியான கான்வாஸ் துணியில் பேக்கிங்கைக் குண்டூசி போட்டுப் பிடிக்க வேண்டும். இரண்டு ஓரத்தையும் கிளாம்ப் இழுத்துப் பிடிக்கும். மிஷின் சக்கர வண்டியில் உட்கார்ந்து தண்டவாளத்தில் நான்கு திசையும் ஓடும். கைப்பிடி இரண்டையும் பிடித்து, பெரிய பேனாவால் வரைவதுபோல் தைக்க வேண்டும்.

இந்த ஊரில் பலர் மேல்துணியை மட்டும் வீட்டில் இணைத்துவிட்டு, குவில்டிங்குக்கு வெளியே கொடுத்துவிடுவார்கள். கூலி சதுர அங்குலக் கணக்கு. ஃப்ரேம் வாங்குவதற்கு முன் நான் அங்குலத்துக்கு 2 சென்ட் கொடுத்தேன். 60க்கு 72 அங்குலப் போர்வை 4320 சதுர அங்குலம், ஆக 86 டாலர் 40 சென்ட். காசைவிடக் காத்திருப்பதுதான் பெரிய கஷ்டம். மிசூரி மாநிலம் ஹாமில்டனில் 2008 இல் தொடங்கிய மிசூரி ஸ்டார் குவில்ட் கம்பெனியின் கதையே அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. அந்தக் கம்பெனியின் முகமான ஜென்னி டோன் குவில்டிங்குக்குக் கொடுத்த துணி மாதக்கணக்கில் திரும்பி வரவில்லை என்று தெரிந்து, அவருடைய பிள்ளைகள் அம்மாவுக்கே ஒரு பெரிய மிஷின் வாங்கிக் கொடுத்தார்கள். இன்று அந்தச் சின்ன ஊருக்கே அதுதான் அடையாளம்.

சரி, அக்காவிடம் வருகிறேன்.

முதல் துண்டு

பழகுவதற்கு இரண்டு கஜம் வெளுக்காத பருத்தித் துணி எடுத்து வைத்திருந்தேன். இங்கே மஸ்லின் என்று விற்பார்கள். அக்கா தொட்டுப் பார்த்ததும், “இது நம்மூரு காடாத் துணியாச்சே கண்ணு” என்றார். அவர் பிறந்து வளர்ந்த பக்கம் விசைத்தறியில் ஓடுவதே அதுதான்.

பேக்கிங்கை மாட்டிவிட்டு நூல்கண்டு எடுக்க மேலே போனேன். திரும்பி வந்தபோது அக்கா உருளையை இறுக்கும் பல்சக்கரமான ராட்செட்டைத் திருகி முடித்துவிட்டு, துணியை விரலால் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். டங்கென்று சத்தம் வந்தது. “இப்பத்தான் சரியா நிக்குது” என்றார். கொஞ்சம் இறுக்கம்தான், பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

முதல் நேர்கோடு ஒழுங்காக வந்தது. வளைவு எடுத்ததும் தையல் விட்டுப்போனது. மூன்று நான்கு தையல் நீளத்துக்கு மேல்நூல் கோக்காமல் வெறுமனே கிடந்தது. பத்து நிமிடத்துக்குள் நூல் மூன்று தடவை அறுந்தது.

தையல்காரர் யாரும் செய்வதை நாங்களும் செய்தோம். நூலைப் பிரித்துத் திரும்பக் கோத்தோம். புது ஊசி போட்டோம். மேல்நூலைப் பிடித்துக் கீழ்நூலோடு கோக்கும் ஹூக்கில் ஒட்டியிருந்த பஞ்சுத் தூசியைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டோம். அக்கா கீழ்நூல் இருக்கும் பாபின் கேஸை நூலைப் பிடித்துத் தொங்கவிட்டு ஒரு உதறு உதறினார். கேஸ் இரண்டு அங்குலம் இறங்கி நின்றது. “இதுல குத்தமில்ல” என்றார். எனக்கு நூலின் இறுக்கத்தை அளவுமானி வைத்துப் பார்த்தால்தான் திருப்தி. பார்த்தேன், அவர் சொன்னதுதான். 16 நம்பர் ஊசியை மாற்றி 18 போட்டதில் கொஞ்சம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. இரண்டு சாயங்காலம் இப்படியே போனது.

மூன்றாம் நாள் வலது ஓரக் கிளாம்ப் ஒன்று தானாக நழுவிக் கழன்றது. அந்தப் பக்கம் துணி தளர்ந்து தொய்ந்தது. அக்கா கவனிக்காமல் அங்கேயும் தைத்துக்கொண்டு போய்விட்டார். தையலைப் பார்க்கக் குனிந்தபோதுதான் கண்ணில் பட்டது. தளர்ந்திருந்த ஒரு முழத்தில் ஒரு தையல்கூட விடவில்லை. இறுக்கமான இடத்துக்குத் திரும்பியதும் மறுபடி விட்டிருந்தது. ராட்செட்டை இரண்டு பல் பின்னால் விட்டேன். பத்து அங்குலம் வளைத்து வளைத்துத் தைத்தார். ஒன்றும் விடவில்லை, நூலும் அறவில்லை.

ஏன் என்று அக்காவுக்கு மட்டுமில்லை, எனக்கும் அன்றுதான் முழுதாகப் புரிந்தது. சாதாரண மிஷினில் ஊசி துணிக்குள் இருக்கும்போது, துணியைத் தள்ளும் அடிப்பல் இறங்கியிருக்கும், துணி நகராது. ஃப்ரேமில் ஊசி துணிக்குள் இருக்கும் நொடியிலும் உங்கள் கை மிஷினை நகர்த்திக்கொண்டுதான் இருக்கிறது. துணியில் கொஞ்சம் தளர்ச்சி இருந்தால் அந்த நொடியில் அது ஊசியோடு நூலளவு சேர்ந்து போய், ஊசி வெளியே வந்ததும் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். மத்தளம்போல் இழுத்துக் கட்டிய துணி போகாது. துணி போகாவிட்டால் ஊசி வளைய வேண்டும். வளைந்த ஊசியிடம் ஹூக் வரும்போது நூலின் கண்ணி இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. ஹூக் வெறுங்கையோடு சுற்றிப்போகும். அதுதான் தையல் விடுவது. ஹூக் நூலைக் கிழித்துக்கொண்டு போனால் அறுப்பு.

ஆரியில் இது நேர்மாறு. கட்டில் என்கிற ஆரிச் சட்டத்தில் துணி டங்கென்று நிற்க வேண்டும். கொக்கி ஊசி அடியிலிருந்து நூலை வளையமாக மேலே இழுக்கும்போது துணி கூடவே எழுந்தால் சங்கிலித் தையல் கோணிப்போகும். எட்டு வருடம் அக்காவின் விரல் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் வேலையை ஆரம்பித்திருக்கிறது. ஃப்ரேம் என்று கண்ணில் பட்டதும் கை தானாக இறுக்கியதில் ஆச்சரியம் இல்லை.

அமெரிக்காவில் கையால் குவில்ட் செய்த பெண்கள் இதை ரொம்பக் காலமாக அறிந்திருக்கிறார்கள். மரச் சட்டத்தில் துணியைக் கட்டிச் சுற்றி உட்கார்ந்து தைப்பார்கள். வேலை இல்லாத நேரத்தில் சட்டத்தைக் கயிற்றில் கூரைக்கு ஏற்றிவிடும் வீடுகளும் இருந்தன. அவர்களும் துணியில் கொஞ்சம் தொய்வு விடுவார்கள். ஊசியை மேலும் கீழும் ஆட்டி ஒரே தடவையில் நாலைந்து தையல் கோக்க அந்தத் தொய்வு வேண்டும்.

நான் அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்த அளவு இது: அடியிலிருந்து ஒரு விரலால் மூன்று அடுக்கையும் மேலே தள்ளுங்கள், மேலிருந்து இன்னொரு கையால் அந்த விரல் நுனியைப் பிடிக்க முடிய வேண்டும். பிடிக்க முடியாவிட்டால் இறுக்கம். அவர் தலையாட்டினார். ஆனால் அடுத்த நாள் நான் பார்க்காத நேரத்தில் ஒரு பல் கூடுதலாக ஏறியிருந்தது. அதற்கடுத்த நாளும். “தொளதொளன்னு கெடந்தா மனசு ஒப்பமாட்டேங்குது கண்ணு” என்றார். நோட்டில் பார்க்கிறேன், ஐந்தாவது வாரம் வரை ‘ராட்செட் தளர்த்தினேன்’ என்று கிட்டத்தட்ட தினமும் எழுதியிருக்கிறது. அறிவுக்கு ஒரே நாளில் புரிந்தது விரலுக்குப் புரிய ஐந்து வாரம் எடுத்தது.

கை, கண்

இரண்டாவது பிரச்சினை திசை. சாதாரண மிஷினில் கோடு இடப்பக்கம் போக வேண்டுமென்றால் துணியை வலப்பக்கம் திருப்ப வேண்டும். முப்பது வருடம் அப்படியே செய்தவர். இங்கே கோடு போகும் திசையிலேயே கை போக வேண்டும். முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு வளைவின் தொடக்கத்திலும் கை ஒரு கணம் தயங்கியது. அந்தத் தயக்கம் தையலில் சின்னக் கோணலாகத் தெரிந்தது.

கோலம் போடுகிற கைதானே என்று, “சிக்குக் கோலம் இழுக்கிற மாதிரி இழுங்க அக்கா” என்றேன். அது உதவவில்லை. கோலம் குனிந்து, விரலாலும் மணிக்கட்டாலும் இழுப்பது. இங்கே நின்றுகொண்டு தோளிலிருந்து இழுக்க வேண்டும், பெரிய வளைவுக்கு ஒரு எட்டு நகர்ந்தும் போக வேண்டும். மணிக்கட்டால் இழுத்தபோது வளைவுகள் எலுமிச்சம்பழ அளவைத் தாண்டவே இல்லை. தையல் நெருங்கித் துணியே விறைத்துப்போனது.

உதவியது கோலத்தின் புள்ளி. அது அக்காவே கண்டுபிடித்தது. ஒரு நாள் டெய்லர் சாக்பீஸை எடுத்து, நான்கு அங்குலத்துக்கு ஒன்றாக, வரிசை மாற்றி ஊடுபுள்ளி வைத்தார். ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிக்கொண்டு கோடு அடுத்ததற்குப் போக வேண்டும், எங்கேயும் தன்னைத் தானே வெட்டக் கூடாது. அது வரை அவர் கண் ஊசியிலேயே இருந்தது. புள்ளி வைத்ததும் கண் அடுத்த புள்ளிக்குத் தாவியது, கை பின்னாலேயே போனது. சைக்கிள் ஓட்டும்போது சக்கரத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்ப்பது மாதிரி. பிடியும் தளர்ந்தது. இரண்டே நாளில் கோடு வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரு வாரம் கழித்துப் புள்ளி தேவைப்படவில்லை. இன்று யாருக்குக் கற்றுக்கொடுத்தாலும் நான் சாக்பீஸிலிருந்துதான் தொடங்குவேன்.

நிற்கிற உயரத்தையும் சொல்ல வேண்டும். ஃப்ரேமை என் உயரத்துக்கு வைத்திருந்தேன். அக்கா என்னைவிட ஒரு சாண் குட்டை. முழங்கை கைப்பிடிக்குக் கீழே தொங்கியது. அரை மணி நேரத்தில் கழுத்து வலி. ஃப்ரேமின் கால்களை இரண்டு அங்குலம் இறக்கியதும் வலி போனது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

வேகம்

மிஷின் சக்கரங்களில் உள்ள சென்சார் வண்டி எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று அளந்து, அதற்கு ஏற்ப ஊசியை ஓட்டும். அங்குலத்துக்குப் பத்து தையல் என்று வைத்தால், மெதுவாக நகர்த்தினாலும் வேகமாக நகர்த்தினாலும் பத்துதான். அக்காவுக்கு இதில் நம்பிக்கை வரவில்லை. பெடலை மிதித்து வேகத்தைக் காலில் வைத்திருந்தவர். சென்சாரை நிறுத்திவிட்டு ஊசியை ஒரே வேகத்தில் ஓடவிட்டு முயன்றார். கை வேகமும் ஊசி வேகமும் பொருந்தவில்லை. ஒரு இடத்தில் அங்குலத்துக்கு ஆறு தையல், இன்னொரு இடத்தில் பதினைந்து. ஒரு சாயங்காலத்தோடு அதை விட்டுவிட்டார்.

சென்சார் இருந்தாலும் வளைவில் பாய்ந்தால் அடிப்பக்கம் காட்டிக்கொடுத்துவிடும். மேல்பக்கம் பார்க்க அழகாக இருக்கும். அடியில் வளைவு நெடுகக் கண்ணிமை முடிபோல் சின்னச் சின்னக் கண்ணிகள் வரிசையாக நிற்கும். மேல்நூல் இறுகி முடிவதற்குள் மிஷின் நகர்ந்துவிட, கீழ்நூல் அதைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறது. மேல்நூலின் இறுக்கத்தைக் கொஞ்சம் கூட்டினோம். வளைவில் கையை அடக்கினார். துணியைக் கழற்றாமல் அடியைப் பார்க்க அக்கா செல்போனை அடியில் நீட்டிப் படம் எடுத்தார். நான் நான்கு வருடம் தரையில் மல்லாந்து படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிஷின் சத்தத்தை வைத்தே பாபின் தீரப்போவதை அவர் சொல்லிவிடுவார். எனக்கு அது இன்னும் வரவில்லை.

உண்மையான போர்வை

எட்டாவது வாரம் 60க்கு 72 போர்வையை ஏற்றினோம். மேல்துணி நான் இணைத்தது. பேக்கிங் ஒவ்வொரு பக்கமும் நான்கு அங்குலம் கூட வேண்டும், அதாவது 68க்கு 80. குவில்ட் துணியின் அகலம் 42 முதல் 44 அங்குலம்தான் என்பதால் நாலரை கஜம் வாங்கி இரண்டு பாகமாக வெட்டி இணைக்க வேண்டும். இணைத்த தையல் உருளைக்கு இணையாகப் படுக்க வேண்டும். குறுக்கே நின்றால், சுற்றச் சுற்ற அது ஒரே இடத்தில் மேடு கட்டி இரண்டு பக்கமும் துணி தொய்யும். கரையை வெட்டி எறிந்துவிட வேண்டும், அங்கே நெசவு இறுக்கம்.

பேக்கிங் சதுரமாக இல்லாவிட்டால் ஃப்ரேமில் எதுவும் நேராக நிற்காது. நான் ஸ்கேலும் கட்டரும் எடுத்தேன். அக்கா ஓரத்தில் கத்தரியால் ஒரு வெட்டு வெட்டி, சர்ரென்று கிழித்தார். துணி இழை போன வழியிலேயே கிழிந்தது, அதைவிட நேர்க்கோடு எந்த ஸ்கேலாலும் கிடைக்காது. மறுமுனையையும் அப்படியே கிழித்து, இஸ்திரி போட்டு மடித்துப் பார்த்தோம். மூலைக்கு மூலை பொருந்தியது. ஐந்து நிமிட வேலை.

இங்கே நடந்த தவறு என்னுடையது. பார்டர் வைக்கும்போது நடு அகலத்தை அளந்து பட்டியை அந்த அளவுக்கு வெட்டியிருக்க வேண்டும். நான் நீளப் பட்டியை அப்படியே தைத்துக்கொண்டே போய், மிச்சத்தை முடிவில் நறுக்கிவிட்டேன். நடுவில் 60 அங்குலம், கீழ்ப் பார்டரில் அறுபத்தொன்றரை. தரையில் விரித்தபோது தெரியவில்லை. ஃப்ரேமில் பார்டர் அலை அலையாக நின்றது.

“இங்க துணி மிச்சமா நிக்குது கண்ணு” என்றார் அக்கா. தைக்கத் தைக்க அடங்கிவிடும், போங்க என்றேன். மிஷின் பாதம் அந்த மிச்சத்தை முன்னால் தள்ளிக்கொண்டே போய், வலது மூலையில் ஒரு மடிப்பாகப் போட்டுத் தைத்தது. விரல் அகல மடிப்பு. அதைப் பிரிக்க நாற்பது நிமிடம்.

அதன் பிறகு அக்கா என்னிடம் கேட்கவில்லை. பிளவுஸ் கைக்குழியில் கையை மூட்டும்போது கையின் வளைவில் எப்போதும் துணி கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அதைச் சுருக்கம் தெரியாமல் பரப்பி மூட்டுவதுதான் நல்ல தையல்காரருக்கு அடையாளம். அதையே இங்கே செய்தார். பார்டரின் நடுவில் ஒரு குண்டூசி, இரண்டு முனையில் ஒவ்வொன்று, பிறகு ஒவ்வொரு பாதியின் நடுவிலும் ஒன்று என்று, நான்கு அங்குலத்துக்கு ஒரு ஊசி வரும்வரை குத்தினார். ஒன்றரை அங்குல மிச்சம் ஒவ்வொரு இடைவெளிக்கும் பத்தில் ஒரு அங்குலமாகப் பிரிந்துபோனது. தண்ணீரைப் பூவாய்த் தெளித்து, உள்ளங்கையால் தட்டித் தட்டி உட்காரவைத்தார். மிஷின் நேர்கோட்டில் மட்டும் போகும்படி பூட்டிக்கொண்டு, ஓரத்தில் ஒரு பிடிப்புத் தையல் மெதுவாக ஓட்டினார். பிறகு மேலே வளைவுகளைக் கொஞ்சம் நெருக்கமாகப் போட்டார். துவைத்து உலர்ந்த பிறகு, மிச்சம் எங்கே இருந்தது என்று எனக்கே தேட வேண்டியிருந்தது.

காகிதத்தில் அச்சிட்ட வடிவத்தை மிஷினின் பின்னால் நின்று லேசர் புள்ளியால் தொட்டுக்கொண்டே போகும் முறையும் உண்டு. பலர் அதில்தான் தொடங்குகிறார்கள். அக்கா ஒரு மணி நேரம் செய்து பார்த்தார். துணியைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்துத் தைப்பதில் அவருக்கு மனம் போகவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

“மிஷின்லயே செஞ்சா இதுக்கு மதிப்பு இருக்குமா?” என்று அவர் ஒரு தடவை கேட்டார். இந்தக் கேள்வி இங்கேயும் பல வருடம் இருந்தது. 1989 இல் கென்டக்கி மாநிலம் படூகாவில் நடந்த அமெரிக்க குவில்டர் சங்கப் போட்டியில், கேரில் பிரையர் ஃபாலர்ட் மிஷினில் குவில்டிங் செய்த ஒன்று முதன்முறையாகத் தலையாய பரிசை வாங்கியது. அதற்கு முன் அந்தப் பரிசு கைத்தையலுக்கே போய்க்கொண்டிருந்தது. அக்காவிடம் சொன்னேன். “பின்ன, பிளவுஸ என்ன கையிலயா தெச்சேன்” என்றார்.

பதினோராவது வாரத்தில் இரண்டாவது போர்வையை என் துணையில்லாமல் ஏற்றி, தைத்து, இறக்கினார். ராட்செட்டைத் திருகிவிட்டு, விரலை அடியில் விட்டுப் பார்த்து, தானே ஒரு பல் பின்னால் விட்டதை மாடிப்படியில் நின்று பார்த்தேன். சுண்டிப் பார்க்கவில்லை.

இப்போது ஃப்ரேமில் இருப்பது பெரியம்மாவின் இரண்டு பழைய நூல் சேலைகள். ஒன்று மேலே, ஒன்று அடியில், நடுவில் மெல்லிய பேட்டிங். துவைத்துத் துவைத்து இழை நைந்த துணி. கான்வாஸில் குண்டூசி போட்ட இடத்தில் கிழியத் தொடங்கியது. அதனால் அக்கா சேலையின் நான்கு ஓரத்திலும் நாலு அங்குலக் காடாத் துணிப் பட்டியை மூட்டி, ஊசியை அந்தப் பட்டியில் போட்டிருக்கிறார். ராட்செட் வழக்கத்தைவிட ஒரு பல் குறைவு. 14 நம்பர் ஊசி, மெல்லிய நூல். முந்தானை பக்கம் நெசவு கெட்டி, உடல் பக்கம் தளர்வு, ஒரே உருளையில் இரண்டும் ஒரே மாதிரி நிற்க மாட்டேன் என்கிறது. முந்தானையைத் தனியாகப் பிரித்து ஏற்றலாமா என்று நேற்று கேட்டார். நாளைக்குப் பிரித்துப் பார்க்கப்போகிறோம்.